பால் ஸ்டோர் வாசலில் மண்ணரிப்பு

எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காததை எல்லாம் புவியியலுக்குள் தள்ளிவிடுவார்கள் என்பது, என்னைப் போல் அந்தப் பாடத்தைக் கட்டிக்கொண்டு அழும் உங்களுக்குத் தெரியாததல்ல. நான் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் மரநடுகை வந்தது, டெங்கு வந்தது, கடைசியில் பாலியல் கல்வியும் வந்து சேர்ந்தது.

செயலமர்வு

இதற்கான ஆசிரியர் பயிற்சியைக் கேகாலையில் வைத்தார்கள். பயிற்சி நடத்த வந்த வளவாளர் பாலியல் என்ற சொல்லைத் தொடாமலே மதியம்வரை பாலியல் கல்வியை விளக்கினார். பிள்ளைகள் நேரடியாகக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். எங்கள் பள்ளியில் சுகாதாரப் பாடமும் என் தலையில்தான் என்று அவருக்குத் தெரியாது. பையை மூடிக்கொண்டே சொன்னார்: "அதைச் சுகாதார டீச்சர் பார்த்துக்கொள்ளுவா."

அதிபரின் அனுமதி

பத்தாம் வகுப்பில் 'பிறப்பு வீதம்' என்று கரும்பலகையில் எழுதியதுமே அதிபர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். நல்ல மனிதர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன். "சனத்தொகை கூடுதுன்னு சொல்லிக் குடுங்க சேர், எப்படிக் கூடுதுன்னு சொல்லிக் குடுக்காதீங்க."

கிட்டிய பாதை

அந்த வகுப்பில் ஓ.எல். பரீட்சையை நிச்சயம் பாஸ் பண்ணக்கூடியவள் யோகேஸ்வரி. ஆனால் தினமும் பிந்தித்தான் வருவாள். இனிப் பிந்தினால் தாயைக் கூட்டிவர வேண்டும் என்று அதிபர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் தோட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து, தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்திலிருந்து பள்ளிக்குக் கிட்டிய பாதையைக் காட்டச் சொன்னேன். பையன்கள் ரப்பர் பால் ஸ்டோருக்குப் பின்னால் கோடு இழுத்தார்கள். பெண் பிள்ளைகளில் ஒருத்தியும் அந்தப் பக்கம் சோக்கைக் கொண்டுபோகவில்லை. யோகேஸ்வரி பெரிய ரோட்டைச் சுற்றி இழுத்தாள். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கேட்டேன். குனிந்துகொண்டே சொன்னாள்: "அது பையங்களுக்குத்தான் சேர் கிட்ட. நாங்க போனா ஸ்டோர் வாச்சர் வழிமறிச்சுக் கையப் புடிக்கிறாரு."

என் வீரம்

எனக்கு ரத்தம் கொதித்தது. உன் வீட்டில் சொல்கிறேன், தோட்டத்தை நடத்தும் துரையிடமே போகிறேன் என்று குதித்தேன். வாச்சரைவிட என்னைப் பார்த்துத்தான் அவள் அதிகம் பயந்தாள். "அம்மாகிட்ட சொல்லிறாதீங்க சேர். வாச்சர நிப்பாட்ட மாட்டாங்க, என்னையத்தான் பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டுவாங்க."

களப்படிப்பு

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது புவியியல் மட்டும்தான். களப்படிப்பு என்று அதிபரிடம் அனுமதி வாங்கினேன். காலையில் லயத்தடிக்கே போய், வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு ஸ்டோர் வழியாக வருவேன். பள்ளி விட்டதும் அதே வழியில் கொண்டுபோய் விடுவேன். ஸ்டோர் வாசலில் எல்லாரையும் நிறுத்தி, வாச்சரை முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு, மண்ணரிப்பைப் பற்றி உரக்கப் பேசுவேன். யோகேஸ்வரி அதன்பிறகு பிந்தவில்லை. வாச்சர்தான் பொறுக்க முடியாமல் ஒரு நாள் கிட்ட வந்து கேட்டார்: "சேர், இந்த மண்ணரிப்புப் பாடம் இன்னும் முடியலீங்களா?"

முடியவில்லை. பாலியல் கல்வி நடக்கவே இல்லை என்று அதிபர் நிம்மதியாக இருக்க, யோகேஸ்வரி ஓ.எல். எழுதி முடிக்கும்வரை மண்ணரிப்பு மட்டும் தினமும் இரண்டு வேளை நடந்தது.