நைட் கிளப் தரையில் மூன்று சுற்று

பேய், ஆவி எதையும் நான் நம்பியவன் இல்லை. முப்பது வருஷம் பத்திரிகையில் இருந்தேன். இரண்டு பேர் சொல்லாத எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. இதையும் அப்படித்தான் சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில், எங்கள் தெருக்கோடியில் ஒரு நைட் கிளப் இருந்தது. சனிக்கிழமைகளில் ராணுவ அதிகாரிகளும் எஸ்டேட் துரைமார்களும் ஜோடியாக வந்து ஆடுவார்கள். மரத்தரை வழுக்கினால்தான் ஆட்டம் சரியாக வரும். அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பா லூர்து. மதியமே மெழுகுவத்தியைச் சீவித் தூவி, சாக்கை விரித்து, பாரத்துக்கு ஆறு வயதான என்னை அதில் உட்காரவைத்து இழுப்பார். என் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார். வெறுங்கால், இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, விறகு வெட்டும்போது போனது. மூன்று சுற்று. பிறகு சமையலறைக் கதவு வழியாக வெளியே. முன்வாசலில் வேலைக்காரர்கள் நடக்கக்கூடாது.

கிளப் மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. போன வருஷம் தெருக்காரர்கள் சேர்ந்து ஊர் வரலாறு தொகுத்தார்கள், கிளப் அத்தியாயம் என் பொறுப்பு. பழைய படங்களின் கீழே பியானோக்காரர், மேனேஜர், மேனேஜரின் நாய் வரைக்கும் பெயர் இருந்தது. அப்பா பெயர் எங்கும் இல்லை. அவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுத எனக்கு ஆசை. ஆனால் சாட்சி நான் ஒருவன், அதுவும் மகன். எழுதக் கை வரவில்லை.

கட்டடத்தைப் பார்க்கப் போனேன். மதியம் இரண்டரை, வெளியே மூடுபனி. வாட்ச்மேன் பழனி சமையலறைக் கதவைத் திறந்துவிட்டார். முன்கதவை உள்பக்கம் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கூடம் முழுக்கத் தூசி, ஒரு கால்தடம் இல்லை. மூலையில் கிடந்த சாக்கை விரித்து உட்கார்ந்து, போனை அவரிடம் நீட்டினேன்.

"ஒரு படம் எடுங்க. இப்படித்தான் பாலிஷ் போடுவாங்க."

"ஏனுங்க சார், இந்த வயசுல சறுக்கு வண்டியா? இழுக்க நாலு ஆளு வேணுமுங்களே!"

அவர் சிரித்து முடிக்கவில்லை, சாக்கு நகர்ந்தது.

மெதுவாக, சுவரை ஒட்டி, மூலை வந்ததும் லேசாக இடது பக்கம் சாய்த்து, அப்பா திருப்புகிற அதே திருப்பு. நான் எழுபத்து நாலு கிலோ. பயப்பட்டிருக்க வேண்டும், ஆனால் சிரித்தேன். படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எதிரே யாரையோ அண்ணாந்து பார்த்தபடி. மூன்றாவது சுற்று முடிந்து சாக்கு நின்றது.

பழனி சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். "ஆளக் காணோமுங்க. கால்தடம் மட்டும் விழுதுங்க சார்... பின்பக்கமாவே நடக்குதுங்க."

அப்பா பின்பக்கமாக நடப்பார் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

மற்ற தடங்களைச் சாக்கு துடைத்துவிட்டது. அது நின்ற இடத்துக்கு முன்னால் இரண்டு மிச்சம். வெறுங்கால், விரல்கள் என்னைப் பார்த்து. இடது காலில் நான்கு விரல்.

அன்றைக்கே எழுதினேன்: "தரை: லூர்து." இரண்டு சாட்சி ஆகிவிட்டதே. ஒரு வரிக்காக அத்தனை தூரம் வந்து இழுத்துக் காட்டினாரே என்று நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த இரண்டு தடங்களோடு அது முடியவில்லை. அங்கிருந்து தடங்கள் திரும்பி, முதல்முறையாக முன்னோக்கிப் போயிருந்தன. சமையலறைப் பக்கம் இல்லை, முன்வாசலுக்கு. ஆணி ஒன்றுகூட அசையவில்லை. கதவடியில் கடைசித் தடத்தின் குதிகால் மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.