ஊதாக் கூழும் கதவுக்கு இரண்டு கந்தரப்பமும்

என் தம்பி சொக்கலிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. காரைக்குடியைச் சுற்றி எந்தப் பெரிய வீட்டில் கதவு முனகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆசாரி வேலையில் அவன் கை சுத்தம். புத்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன ஐப்பசியில் அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருப்பது தெரிந்தது. உளி பிடிக்கிற கை நன்றாக இருந்து என்ன, கோடு தெரிய வேண்டாமா? மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். டாக்டரம்மா பொறுமைசாலி, நிதானமாகச் சொன்னாள்.

"ஆபரேஷன் சின்னதுதான்யா. ஆனா சர்க்கரை இம்புட்டு இருக்கையில கத்தி வைக்க மாட்டேன். மாத்திரையை ஒழுங்காப் போட்டு, வாயைக் கட்டி, ஒரு மாசத்துல கொறைச்சுக்கிட்டு வாங்க. ரொம்பத் தள்ளிப் போட்டீங்கன்னா புரை முத்திப் போகும்."

கண் போனால் ஆசாரிக்கு என்ன மிச்சம்? ஆனால் வாயைக் கட்டச் சொன்னால் வாயைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் அவன் மகள் ராஜப்ரியா புகுந்துவிட்டாள்.

ராஜப்ரியா கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அப்பன் என்றால் உயிர். அன்றைக்கே போனில் வந்து உத்தரவு போட்டாள்.

"அப்பா, காலையில இட்லி, இடியாப்பம், பணியாரம் ஒண்ணும் கூடாது. பெர்ரிப் பழ ஸ்மூத்தி ஒரு டம்ளர். அம்புட்டுத்தான்."

"அதென்னடி பேரு?" என்றேன் நான்.

"ஸ்மூத்தி அத்தை. வழவழன்னு இருக்கும்."

"வெளக்கெண்ணெயும் வழவழன்னுதான் இருக்கும். அதக் குடுத்துறலாமே?"

"நீங்க சும்மா இருங்கத்தை. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். நாலாம் நாள் வந்து இறங்கிய பழப் பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தது என்றுகூடத் தெரியாது. படம் தெரியும். உள்ளே மூன்று விதமான பழம், மூன்றும் கூழாங்கல்லாக உறைந்து கிடந்தன. சிவப்பு ஒன்று, ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டிருக்கிற பழம். கறுநீலம் ஒன்று, மணத்தக்காளிப் பழத்துக்கு நீர் கோத்துக்கொண்ட மாதிரி. இன்னொன்று முசுக்கட்டைப் பழம் போலத் திப்பி திப்பியாக. எந்த ஊரில் எந்த மாதம் பறித்ததோ, அதைப் பறித்தவளுக்கு இந்நேரம் பேரன் பிறந்திருப்பான். இதற்குப் பெயர் ஆரோக்கியம்.

முதல் நாள் கூத்தை எல்லாரும் பார்த்திருக்க வேண்டும். என் தம்பி பெண்டாட்டி நாகவல்லி பழத்தை அப்படியே மிக்சியில் போட்டுத் திருகினாள். மிக்சி பன்றி கத்துகிற மாதிரி ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றுபோனது. தம்பி என்ன செய்தான் தெரியுமா? பழத்தை ஒரு துண்டில் முடிந்து, வாசற்படியில் வைத்து, உளியடிக்கிற கொட்டாப்புளியால் நாலு போடு போட்டான். துண்டு வெட்டுப்பட்டவன் துணி மாதிரி ஆகிவிட்டது. பிறகு தயிரும் ஓட்ஸும் சேர்த்து ஓடவிட்டார்கள். ஜார் எதுவென்றால், முந்தின நாள் பூண்டும் வரமிளகாயும் அரைத்த ஜார். எத்தனை கழுவினாலும் அந்த ரப்பர் வளையத்தில் பூண்டு குடியிருக்கும்.

ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது. மகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாளே, உடனே நேராக்கிக்கொண்டான்.

"எப்டிப்பா இருக்கு?"

"சுள்ளுனு இருக்குத்தா."

மறுவாரம் அதற்கென்று தனி ஜார் வந்தது. அப்புறம் தினமும் காலை ஆறு மணிக்குப் பூசை மாதிரி நடந்தது. மகள் போனில் சொல்லச் சொல்ல நாகவல்லி போடுவாள். பழம் ஒரு கை. புளிக்காத கெட்டித் தயிர் அரை டம்ளர். ஓட்ஸ் இரண்டு கரண்டி. முந்தின இரவு ஊறப்போட்ட சியா விதை ஒரு கரண்டி, அதுவும் சப்ஜா விதையின் ஒன்றுவிட்ட தங்கைதான், பெயரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சர்க்கரை கூடாது, தேன் கூடாது, கருப்பட்டி கூடாது. கடைசியில் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கூழ். சுவரில் அடித்தால் சுண்ணாம்பு வேண்டாம்.

அதைக் குடித்துவிட்டு உள்ளே இருந்தாலாவது பரவாயில்லை. டம்ளரும் கையுமாக வாசலில் வந்து நிற்பான், தெருவே பார்க்க வேண்டும். எதிர்வீட்டுக் கருத்தையா பல் குச்சியோடு நிற்பார்.

"என்னண்ணே, மீசைக்கு ஊதாச் சாயமா?"

"ஒனக்கென்னடா தெரியும்? இது ஒரு டம்ளர் குடிச்சா ரெத்தம் கழுவி விட்டாப்புல ஆயிரும்."

"ரெத்தத்த அப்பறம் கழுவலாம்ணே. மொதல்ல மீசையக் கழுவுங்க."

இப்படி ஒரு மாதம். கார்த்திகையில் மறுபடி மதுரை. ரத்தம் எடுத்துப் பார்த்தால், சர்க்கரை குறையவும் இல்லை, நின்ற இடத்தில் நிற்கவும் இல்லை. ஏறியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னதான்யா சாப்பிடுறீங்க?" என்றாள்.

"பெர்ரி ஸ்மூத்திம்மா," என்றான் என் தம்பி, பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கினவன் மாதிரி.

"இன்னும் ஒரு மாசம் பாப்போம். வலது கண்ணு ரொம்ப மோசமாகுது. வெளையாடாதீங்க."

வீட்டில் வெடித்தது. மகள் போனில் அழுதாள். அவளுக்கு யார் மேல் சந்தேகம் என்றால், பெற்ற தாய் மேல். "அம்மா, புளிக்குதுன்னு அப்பா மூஞ்சியச் சுளிச்சா நீ பாவம்னு ஒரு கரண்டி சீனி போட்டுருவ. எனக்குத் தெரியும்." நாகவல்லி காமாட்சியம்மன் படத்துக்கு முன்னால் சூடத்தை ஏற்றி அடித்துச் சத்தியம் செய்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அவள் மேல்தான் சந்தேகம். இளகின மனசுக்காரி. நாய்க்கு வைக்கிற சோற்றில்கூட மோர் ஊற்றுவாள்.

"நாகு, ஒளிக்காம சொல்லு. போட்டியா, போடலையா?"

"மதினி, நாளைக்கு நீங்களே வந்து அரைங்க. நான் அடுப்படிப் பக்கமே வரல. முத்தத்துல உக்காந்து முருங்கைக்கீரை உருவுறேன்."

விட்டேனா? மறுநாள் ஆறு மணிக்கு நான் போனேன். சீனி டப்பா, கருப்பட்டி, தேன் பாட்டில் மூன்றையும் என் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு, அந்தக் கூழை என் கையாலேயே அரைத்தேன். விரலில் தொட்டு நக்கியும் பார்த்தேன். புளிப்புத்தான். மூன்று நாள் இப்படி. மகள் வாங்கி அனுப்பியிருந்த குத்திப் பார்க்கிற மெஷினில் காலையும் மாலையும் பார்த்தோம். காலையில் நல்ல பிள்ளையாக இருக்கிற சர்க்கரை, சாயங்காலம் அவன் வேலை முடிந்து வரும்போது குதித்து நின்றது.

அப்படியென்றால் கோளாறு அடுப்படியில் இல்லை. வேலை செய்கிற இடத்தில் இருக்கிறது. நாலாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் நேமத்தான்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே சீதை ஆச்சி வீட்டில்தான் அவனுக்குப் புரட்டாசியிலிருந்து வேலை. ஆச்சி வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அதை வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற விடுதியாக மாற்றுகிறார்கள். கதவுகள் மட்டும் நூற்றுக்கு மேல், எல்லாம் பர்மாத் தேக்கு. ஒவ்வொன்றாக இறக்கி, இழைத்து, செதில் விட்ட பூவேலையைச் சரிசெய்து, மறுபடி ஏற்ற வேண்டும். தினம் ஒரு கதவு.

நான் போனபோது வீட்டின் இரண்டாம் முற்றத்தில், இரண்டாங்கட்டில், ஒரு கதவை ஏற்றிக்கொண்டிருந்தான். கதவு சுழலுகிற குடுமியைக் குழியில் உட்கார வைக்கக் கண் தெரியாமல் விரலால் தடவித் தடவிப் பார்க்கிறான். பக்கத்தில் ஆச்சி, கையில் வெள்ளித் தட்டு. கதவு உட்கார்ந்ததும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பிறகு தட்டை நீட்டினார்கள். அரிசியும் வெல்லமும் அரைத்துச் சுட்ட கந்தரப்பம், நெய் வடிகிறது.

வாசல் நிலை வைக்கிற அன்றைக்கு ஆசாரி வாயில் இனிப்பு வைப்பது எங்கள் தொழிலில் உள்ளதுதான். புது வீட்டுக்கு ஒரு நாள், ஒரு நிலை, ஒரு வாய். ஆச்சி அதை இழுத்து, இறக்கி ஏற்றுகிற பழைய கதவுக்கெல்லாம் சட்டமாக்கியிருந்தார்கள். அதிலும் இரட்டைக் கதவு, பலகைக்கு ஒன்றாக இரண்டு. இவன் கையைத் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டையும் தின்றான். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். விரலை வேறு நக்கினான்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தான். கறுத்த முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்து என்னைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"அக்கா, ஒங்களக் கும்புடுறேன். ஆச்சிகிட்ட வாயத் தொறந்துராதீக."

"வேணாம்னு சொல்ல ஒனக்கு வாயில்லையாடா?"

"வாயினிப்ப வேணாம்னு சொன்னா கதவு வெளங்குமா? ஏன் ஆசாரின்னு கேப்பாக. சக்கரைம்பேன். சக்கரைன்னா கண்ணு எப்டியிருக்குன்னு கேப்பாக. கண்ணு தெரியாதவன்னு தெரிஞ்சா நாளைக்கே ஆத்தங்குடியில இருந்து வேற ஆளக் கூட்டியாந்துருவாக."

"அப்ப தெனமும் திங்கிறது?"

"அதுக்குத்தானக்கா காலையில அந்தக் கூழக் குடிக்கேன்? அது எறக்கும், இது ஏத்தும். சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

கேட்டீர்களா? காலையில் குளித்துவிட்டேன், அதனால் மத்தியானம் சேற்றில் விழலாம் என்கிற புத்தி. இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் நூல் பிடித்து வேலை செய்திருக்கிறான், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் அவனைத் தள்ளிவிட்டு நேராக ஆச்சியிடம் போனேன்.

"வா பொன்னுத்தாயி, எப்ப வந்த? ஒரு கந்தரப்பம் எடுத்துக்க," என்று தட்டை நீட்டினார்கள்.

"நான் திங்க வரல ஆச்சி. இவன் திங்கிறத நிறுத்த வந்தேன். இவனுக்குச் சக்கரை. ரெண்டு கண்ணுலயும் புரை. சக்கரை எறங்காம டாக்டரம்மா தொட மாட்டேங்குறாக. நீங்க கதவுக்கு ரெண்டு குடுத்தா எப்ப எறங்கும்?"

என் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு ஏணிமேல் உட்கார்ந்துவிட்டான். ஆச்சி அவன் பக்கம் திரும்பினார்கள்.

"கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியாதாக்கும்? அந்தா, மூணாங்கட்டுக் கதவுல ரெண்டு யானையும் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணும். ஆசாரி எடம் மாத்தி ஏத்தி, ரெண்டும் சண்டை போட்ட மருமக்களாட்டம் முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது. சொன்னா மனசு சங்கடப்படுமேன்னு விட்டேன். சக்கரைதான் எனக்குத் தெரியாது."

"ஆச்சி..." என்று இவன் வாயெடுத்தான்.

"எனக்கும் சக்கரைதான் ஆசாரி. பதினெட்டு வருசம். இந்தத் தட்டுல இருக்கறதத் தொட விட மாட்டேங்குறாக. திங்கிறவுகளப் பாத்தாவது மனசு ஆறுமேன்னு ஒங்களுக்குக் குடுத்தேன்."

அந்த அம்மாள் ஆசை தீர என் தம்பி கண்ணைப் பணயம் வைத்திருக்கிறார்கள், அதுவும் தெரியாமல். எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோபத்தை வெளியே வைத்துக்கொண்டேன்.

ஆச்சி தட்டை வேலைக்காரி கையில் கொடுத்துவிட்டுத் தீர்ப்பு மாதிரிச் சொன்னார்கள். "வாயினிப்பு இல்லாம என் வீட்டுல கதவு ஏத்தக்கூடாது. ஒங்களுக்கு இனிப்பும் கூடாது. அதனால கண்ணு சரியாகுற மட்டும் ஒரு கதவும் ஏற வேணாம். எல்லாம் இப்டியே சுவத்துல சாஞ்சு கெடக்கட்டும். வேற ஆளத் தொட விட மாட்டேன். போயிட்டு வாங்க."

வேலை போகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவன்தானே? படவில்லை. நாலு பேருக்கு முன்னால் அவனைக் குருடன் என்று சொல்லிவிட்டேனாம். பஸ்ஸில் எனக்கு மூன்று சீட்டு தள்ளிப்போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

நான் மட்டும் நிறுத்தினேனா? தினமும் காலையில் போய் அந்தக் கூழை நானே அரைத்துக் கொடுத்தேன். அதன் மேல் நம்பிக்கை வந்து அல்ல. ஒரு வேலையை எடுத்தால் முடிக்க வேண்டும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு வாங்குவான், சுவரைப் பார்த்துக்கொண்டு குடிப்பான். டம்ளரை மட்டும் ணங்கென்று வைப்பான். மத்தியானம் நாகவல்லி கீரையும் கொஞ்சம் சோறும். சாயங்காலம் மெஷினில் குத்தினால், நாளுக்கு நாள் இறங்கியது.

"இப்பச் சொல்லுங்க மதினி, சீனி போட்டது யாரு?" என்றாள் நாகவல்லி.

"சரிடி, இந்தா," என்று சீனி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டப்பாவை நிறைத்துக் கொடுத்தேன்.

ராஜப்ரியா என்னடாவென்றால், எல்லாம் ஸ்மூத்தியின் மகிமை என்று போனில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். கந்தரப்பத்தை நிறுத்தியது யார் என்று அந்தப் பழத்துக்கா தெரியும்?

மார்கழி முடிகிற சமயம் டாக்டரம்மா ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். தை பிறந்து ஏழாம் நாள் வலது கண்ணில் ஆபரேஷன். மறுநாள் காலையில் கட்டைப் பிரிக்கிறபோது நாகவல்லி ஒரு பக்கம், லீவு போட்டு வந்திருந்த ராஜப்ரியா ஒரு பக்கம். நான் கட்டில் கால்மாட்டில் நின்றேன். பேசாதவனிடம் எனக்கென்ன கிட்டத்தில் வேலை?

நர்ஸ் பஞ்சை எடுத்தாள். அவன் கொஞ்ச நேரம் கண்ணைக் கொட்டினான். பெண்டாட்டியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். அப்புறம் நேராக என்னைப் பார்த்தான். ஒரு மாதமும் சில நாளும் கழித்து வாயைத் திறந்தான்.

"என்னக்கா, இம்புட்டுக் கெழவியாயிட்டீக?"

"நாலு வருசமா இப்டித்தான்டா இருக்கேன், கண்ணவிஞ்சவனே," என்றேன். இடது கண் எப்போது என்று டாக்டரம்மாவிடம் கேட்க வெளியே போய்விட்டேன்.