சிவப்புக் கொடியில் தைத்த நட்டு

வெள்ளைக்காரக் கம்பெனி ரயில் ஓடிய காலம். கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாறுக்கும் நடுவே கீமேன் வேலையில் சேர்ந்த முதல் வாரம். தண்டவாளத்தோடு நடந்து, அதை அசையாமல் பிடித்திருக்கும் சாவி என்னும் ஆப்புகள் தளர்ந்திருந்தால் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். எனக்குக் கொடுத்த சிவப்புக் கொடியின் கீழ் ஓரத்தில் நாலைந்து இரும்பு நட்டுகளை வைத்துத் தைத்திருந்தார்கள். புது ஆளைச் சுமக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எனக்குக் கோபம். கேட்டால் இன்னும் சிரிப்பார்கள் என்று யாரிடமும் கேட்காமல் நூலைப் பிரித்து நட்டுகளை எறிந்துவிட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஆடி மாதம். மலை இடைவெளி வழியாக வரும் காற்று ஆளையே தள்ளும். காலை நடையில், வளைவுக்குப் பக்கத்தில் தண்டவாளம் விரல் நுழையும் அளவுக்கு முறிந்திருந்தது. அதே நேரம் வாளையாறுப் பக்கம் பாசஞ்சரின் விசில் கேட்டது. தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடிகள் இருந்த டப்பாவை, எங்கள் ஆட்கள் தங்கும் கேங் குடிசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். போய் எடுக்க நேரமில்லை. கொடியைத் தூக்கிக்கொண்டு ரயிலை நோக்கி ஓடினேன்.

காற்று கொடியைக் கம்போடு சுருட்டிவிட்டது. பிரித்தால் மறுபடி சுருட்டியது. டிரைவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். முந்தின நாள் மழையில் மலையெங்கும் அருவிகள்; ஜன்னல்தோறும் தலைகள். அவர்களும் கைக்குட்டையை ஆட்டினார்கள். இத்தனை பேரையும் கொல்லப்போகிறேனே!

கம்பை ஒரு கையிலும் துணி நுனியை மறு கையிலும் பிடித்து, வேட்டி காயவைப்பவன்போல் மார்புக்கு நேரே விரித்துத் தண்டவாளத்தின் நடுவில் நின்றேன். பிரேக் கிறீச்சிட்டது. கடைசி நொடியில் ஒதுங்கினேன். என்னைத் தாண்டிப் போன எஞ்சின், முறிவுக்கு முப்பது அடி முன்னால் நின்றது. சரளைக்கல்லில் உட்கார்ந்து அழுதேன். கூடவே சிரிப்பும் வந்தது.

டிரைவர் இறங்கி முறிவைப் பார்த்தார். “கொடி புடிக்கற லட்சணமாடா இது? சும்மா கையாட்டறீன்னு நெனச்சுப்போட்டனே!” என்று கத்தினார். பிறகு, “போ, எல்லாருத்து உசுரும் தப்புச்சுது” என்று முதுகில் தட்டினார்.

ஓடி வந்த எங்கள் கேங் மேஸ்திரி கொடியைத் தடவிப் பார்த்தார். “நட்டு எங்கடா?”

“கனமா இருந்துதுங்க. பிச்சு எறிஞ்சுட்டனுங்க.”

“கனமாத்தான்டா இருக்கோணும்! இந்தக் காத்துல கொடி பின்ன எப்படித் தொங்கும்? கேக்கறதுக்கு வாயில்லையா உனக்கு?”

இன்னும் நிறையத் திட்டினார். ஆனால் மேலதிகாரிக்கு எழுதிப் போடவில்லை. என் வேலை தப்பியது.

தண்டவாளம் மாற்றும்வரை பயணிகள் இறங்கி அருவி பார்த்தார்கள். நடந்தது எதுவும் தெரியாத, பக்கத்துச் சித்தூருக்குப் போகிற ஓர் அம்மா என்னிடம் வந்தார். “ஏனுங்க தம்பி, நல்ல எடமாப் பாத்து நிறுத்துனீங்க. தெனமும் நிறுத்துவீங்களா?”

“இன்னிக்கு மட்டுந்தானுங்கம்மா” என்றேன்.

அன்று அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நிம்மதிதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: புரியாததைப் பிரிக்கும் முன் கேளுங்கள். கேட்டால் சிரிப்பார்கள் என்று நான் கூச்சப்பட்டேன். கேட்டிருந்தால் ஒரு நாள் கேலியோடு போயிருக்கும்.