ஆற்றைப் பார்க்காமல் பத்து நாள்

அம்மாவின் சிநேகிதி ஒதெத்தும் அவள் கணவன் ஃபெர்னானும் விடுமுறைக்காகப் பயணம் செய்யும் தூரம் ஒரு கிலோமீட்டர். லெவியில் அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் ஆற்றுக்கு எதிர்க்கரையில் கியூபெக் நகரம் முழுதும் தெரியும். குன்றும், மேலே கோட்டையும், குன்றின் காலடியில் எங்கள் ஷாம்ப்ளேன் தெருவும். எங்கள் வீட்டுப் புகைக்கூண்டைக்கூட அங்கிருந்தே விரல் நீட்டிக் காட்டுவாள் ஒதெத். இருந்தும் ஒவ்வொரு பிப்ரவரியிலும், கார்னிவல் என்ற பனித் திருவிழா தொடங்கும் வெள்ளிக்கிழமை, இரண்டு பெட்டி, ஒரு மின்சாரப் போர்வை, ஒரு பானை பட்டாணி சூப் சகிதம் படகேறி வந்து எங்கள் மாடியறையில் பத்து நாள் தங்குவார்கள்.

அந்தப் படகில்தான் ஃபெர்னானுக்கு வேலை. கார்கள் ஏறி இறங்கும் பலகையை இறக்குவதும் தூக்குவதும். வருடம் முழுக்க ஒரு நாளைக்கு இருபது தடவை இந்தக் கரைக்கு வந்து, கரையில் கால் வைக்காமலே திரும்பிப் போகிறவன். "அதனாலதான் லீவுக்கு இங்க வர்றேன். இந்த ஊர்ல இறங்கிப் பாக்கணும்ல," என்பான்.

அந்த வருடம் கதவைத் திறந்தது நான். அம்மா குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்குப் போயிருந்தாள். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. என் பை கூடத்து மூலையில் பிரிக்காமல் கிடந்தது. உள்ளே வந்த ஒதெத்தின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"வந்திருக்கியா, கிளம்புறியா?"

"தெரியல."

"தெரியலன்னா ஓரமாப் போடு. தடுக்கி விழுந்து எனக்குக் காலு ஒடிஞ்சா இவனுக்குத்தான் கொண்டாட்டம்."

"ஒடிஞ்சா நல்லதுதான்," என்றான் ஃபெர்னான், பனியை உதறியபடி. "பத்து நாள் உன் பின்னாடி ஓட வேண்டாம்."

அவன் சொன்னது முழுக்க விளையாட்டு இல்லை.

ஒதெத் பிறந்தது ஆற்றின் நடுவே இருக்கும் ஒரு தீவில். படகு ஓடாத குளிர்காலங்களில் தபாலையும், மருத்துவச்சியையும், ஒருமுறை ஒரு சவப்பெட்டியையும் ஓடத்தில் வைத்துப் பனிப்பாளங்களின் மேல் தள்ளிக்கொண்டே கரை சேர்த்த குடும்பம். கல்யாணமாகி லெவிக்கு வந்தவள் இருபத்தாறு வருடமாக மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பின்னால் எந்தப் பயல் எவன் தொப்பியை ஜன்னலுக்கு வெளியே பிடிக்கிறான் என்று கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். முப்பத்தொரு வயதில், கார்னிவலின் பனி ஓடப் பந்தயத்துக்கு ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்தாள். ஓடத்துக்கு ஐந்து பேர். பனி இருக்கும் இடத்தில் ஒரு முழங்கால் ஓடத்துக்குள், ஆணி அடித்த பூட்ஸ் போட்ட மறுகால் வெளியே, உதைத்து உதைத்துத் தள்ள வேண்டும். தண்ணீர் வந்தால் உள்ளே குதித்துத் துடுப்புப் போட வேண்டும். இரண்டும் இல்லாமல் கஞ்சி மாதிரிக் குழம்பிக் கிடக்கும் இடத்தில் என்ன செய்வது என்று அவளைக் கேட்டால், "வாயில வர்ற கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லணும்," என்பாள். இருபது கார்னிவல் அப்படி ஓடினாள்.

நான்கு வருடம் முன்பு இரண்டு பாளங்களுக்கு நடுவே கால் இறங்கி, கழுத்துவரை போய்விட்டாள். கூட இருந்தவர்கள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் பாளங்கள் மறைத்ததில், கரையில் நின்ற ஃபெர்னானுக்கு அவள் தலை தெரியவில்லை. அவன் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்று வரை.

அன்றோடு பந்தயம் நின்றது. இரண்டு வருடம் கழித்து அவனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கார்னிவலில் நீச்சல் உடையோடு பனியில் புரளும் பனிக்குளியலை ஒன்பது வருடம் விடாமல் செய்தவன் அவன். "நீ பனியில இறங்காத, நான் ஆத்துல இறங்கல," என்றாள் ஒதெத். அதுதான் ஒப்பந்தம். இந்தப் பத்து நாள் விடுமுறையில் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டே கொண்டாடுவார்கள்.

கொண்டாடத்தான் செய்தார்கள். கோட்டின் ஜிப்பில் கார்னிவலின் சின்னமான சிவப்புத் தொப்பிப் பனிமனிதனின் பொம்மையை மாட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பனி அரண்மனை, சறுக்குமரம், பனிமேல் ஊற்றி உறையவைத்த மேப்பிள் பாகு. என்னையும் விடமாட்டார்கள். வெளியே மைனஸ் இருபத்து நாலு. சிவப்பு ஒயினில் சாராயம் கலந்த கரிபுவை ஃபெர்னானுக்கு ஒரு மிடறு கொடுத்துவிட்டு மீதியை ஒதெத் குடிப்பாள். "டாக்டர் சொல்லியிருக்காரு," என்பாள். எந்த டாக்டர் என்று அவன் கேட்பான்.

ஆனால் அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வரிசையில் நின்றால் காலை மாற்றி மாற்றி வைப்பாள். பனிச்சிற்பத்தைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் எந்த இடைவெளியில் ஆறு தெரிகிறது என்று கண் தேடும். ஆற்றைப் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை. ஆனாலும் அவள் பார்த்தால் ஃபெர்னான் இருமுவான். எனக்கு அந்தத் தவிப்பு புரிந்தது. நானும் தினமும் காலையில் எழுந்து, பையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்கு ஃபோன் வந்தது. ஃபெர்னான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். பேசியது மிரெய், அவளுடைய பழைய குழுவின் தலைவி. ஒதெத் அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்து நின்று கேட்டாள்.

"எந்தக் கை? ... அடக் கடவுளே. தன் வீட்டுப் படியிலயா? ... இல்ல மிரெய். முடியாது. ... வித்துடறீங்களா? எப்போ?"

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குழுவில் ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஞாயிறு பந்தயம். ஐந்தாவது ஆள் இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். இந்தப் பந்தயம் முடிந்ததும் ஓடத்தை விற்றுவிடப் போகிறார்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொன்னேன். நீதான் கேட்டியே."

சனிக்கிழமை காலை அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "நாளைக்கு நீர் எப்போ திரும்புது?" கடல் ஏற்றம் எங்கள் ஆறுவரை வரும்; அப்போது நீர் மேல்நோக்கித் திரும்பி ஓடும்.

"ஒண்ணு இருபது," என்றான் ஃபெர்னான், தலையை நிமிர்த்தாமல். பிறகு கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். ஜாம் பாட்டிலை மூடினான். அவன் அதிலிருந்து இன்னும் எடுக்கவே இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் எதற்கென்று அப்போது எனக்கு எட்டவில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு ஃபெர்னான் வெளியிலிருந்து வந்தான். ரொட்டி வாங்கப் போனானாம். கையில் ரொட்டி இல்லை. ஒதெத் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் இவளும் பூசைக்குப் போறோம்," என்றாள், என் தோளைப் பிடித்து.

ஆறு வருடமாகத் தேவாலய வாசலை மிதிக்காதவள் நான். அவள் அதற்கும் மேல். ஃபெர்னான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்லது. எனக்கும் சேத்து வேண்டிக்கோ."

தெருவில் அவள் துறைமுகப் பக்கம் திரும்பி, ஓடாத குறையாக நடந்தாள்; அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவர்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னா வேண்டாம்பான். அவன் வேண்டாம்னு சொல்லி நான் இறங்கினா, அது அவனை மிதிச்சிட்டுப் போற மாதிரி. சொல்லாம போனா வெறும் பொய். பொய்ய மன்னிச்சிடுவான்."

"இறங்காம இருந்தா?"

அவள் இன்னும் வேகமாக நடந்தாள்.

துறைமுகக் கொட்டகையில் மற்ற நால்வரும் விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒதெத்தின் ஆணி பூட்ஸை மிரெய் நான்கு வருடமாகத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தாளாம். "தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னது யாரு?" என்று ஒருத்தி சீண்டினாள். "மிரெய் வீட்டுக்குள்ள தூக்கிப் போட்டேன்," என்றாள் ஒதெத்.

அவர்கள் ஓடத்தைத் தண்ணீர் ஓரம் இழுத்து வந்தபோது ஃபெர்னான் அங்கே நின்றிருந்தான். காதுவரை இழுத்த தொப்பி, கோட்டில் அந்தப் பனிமனிதப் பொம்மை. ஒதெத்தின் கை ஓட விளிம்பிலேயே இருந்தது.

"பூசை முடிஞ்சுதா?" என்றான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"நீதான். லீவுல இருக்கறவளுக்கு நீர் திரும்புற நேரம் எதுக்கு? அதுவும் படகுக்காரன்கிட்டயே கேக்குற."

மிரெய் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒதெத் சிரிக்கவில்லை. "இறங்காதன்னு சொல்லப்போறியா?"

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான், அவளைப் பார்க்காமல். "காலையில ஏழு மணிப் படகுல போயிட்டு வந்தேன். தானியக் கிடங்குக்கு எதிர்ல ஒரு பெரிய பாளம் கிடக்கு. பாலம் மாதிரி இருக்கும், ஏற ஆசை வரும். அது நடுவுல கீறியிருக்கு, மேல பனி மூடியிருக்கறதால தெரியாது. அதுல ஏறாத. கரையோரமாவே மேல போய்க் குறுக்க வெட்டு, நீரே கீழ கொண்டாந்து விடும். ஒண்ணு இருபதுக்கு முன்னாடி திரும்பிடு. அப்புறம் கஞ்சி வந்துடும்."

"ஃபெர்னான்."

"நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பனிக்குளியல். பேரு குடுத்துட்டேன். நீ வாயத் திறக்கக் கூடாது."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். ஒதெத்தின் முகம் வெளுத்திருந்தது. நான் அங்கே நிற்பதா அவன் பின்னால் போவதா என்று தெரியாமல், அவன் பின்னால் போனேன்.

கரையில் நின்று பார்க்க அவனால் முடியாது என்றான். படகேறினோம். விடுமுறையில் இருப்பவன் தான் வேலை செய்யும் படகிலேயே பயணியாக வந்ததைப் பார்த்துப் பலகை இறக்கும் ஆள், "வீட்டுல சண்டையா?" என்று கேட்டான். "உன் வேலையப் பாரு," என்றான் ஃபெர்னான். அக்கரை போனோம், இறங்கவில்லை. இக்கரை வந்தோம், இறங்கவில்லை. மேல்தளத்தில் அவன் இடதும் வலதுமாக நடந்துகொண்டே இருந்தான். காற்று முகத்தை அறுத்தது.

மூன்றாவது நடையில் அவர்களைக் கண்டோம். நீல ஓடம். முன்னால் போன இரண்டு ஓடங்கள் தானியக் கிடங்குக்கு எதிரே அந்தப் பெரிய பாளத்தில் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தன. நீல ஓடம் அதை விட்டு விலகி, சம்பந்தமே இல்லாத பக்கம் போவதுபோல மேலே போனது. படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். சற்று நேரத்தில் பாளம் நடுவில் பிளந்து, முன்னால் போன ஓடங்களில் ஒன்று வாய்பிளந்த இடத்தில் மூக்கை விட்டது. ஆட்கள் தொங்கிக்கொண்டு அதை இழுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபெர்னான் கம்பியைப் பிடித்திருந்தான். அவன் உதடு அசைந்தது. எண்ணுகிறான்.

"அவங்க அங்க இல்ல," என்றேன். "அவங்க மேல இருக்காங்க, பாருங்க. தலை தெரியுது."

"தெரியுது," என்றான். எண்ணுவதை நிறுத்தவில்லை.

எட்டு ஓடங்களில் நான்காவதாக வந்தார்கள். அப்போது மணி ஒன்று இருபத்தேழு. கடைசி ஏழு நிமிடமும் கஞ்சிக்குள் மாட்டிக்கொண்டு, கரைவரை கேட்கும்படி ஒதெத் வாயில் வந்த வார்த்தை எல்லாம் சொன்னதாக மிரெய் சொன்னாள்.

திங்கள் காலை பத்து மணி, மைனஸ் இருபது. கயிறு கட்டிய சதுரத்தில் புதுப்பனி கொட்டிப் பரப்பியிருந்தார்கள். நீச்சல் உடையில் இருபது பேர் குதித்துக் குதித்து நின்றார்கள், ஒதெத் பெரிய துண்டோடு என் பக்கத்தில். நேற்று ஆற்றில் போன அதே கைகள்; டேப்பின் தடம் இன்னும் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

ஃபெர்னான் கோட்டைக் கழற்றினான். சட்டையையும். நெஞ்சில் நரைத்த முடி. கயிற்றைத் தாண்டுமுன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, கையைக் கீழே தொங்கப்போட்டு நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பி வந்து கோட்டை எடுத்தான்.

"குளிருது," என்றான்.

"குளிருதா?" ஒதெத் அந்தக் கோட்டைப் பிடுங்கித் தன் பின்னால் மறைத்தாள். "எனக்காக நிக்காத. நீ இன்னிக்கு நின்னுட்டா சாகற வரைக்கும் அத எனக்குச் சொல்லிக்காட்டுவ. டாக்டர்கிட்ட ராத்திரியே ஃபோன்ல கேட்டுட்டேன். பத்து எண்ணறதுக்குள்ள வெளிய வந்துடணும்னாரு. போ."

"என்னைக் கேக்காம டாக்டர்கிட்ட பேசுனியா?"

"போடா கிழவா, உறைஞ்சிடப்போற."

அவன் போனான். முகத்தையும் தோளையும் பனியில் அழுத்தி ஒரு புரளல். ஒதெத் ஒரு கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, சத்தமாக எண்ணினாள். ஏழில் அவன் வெளியே வந்துவிட்டான், வேகவைத்த இறால் மாதிரிச் சிவந்து. எட்டு, ஒன்பது என்று அவள் எண்ணிக்கொண்டே துண்டைச் சுற்றினாள்.

மதியம் கிளம்பினார்கள். பெட்டிகளையும் காலிப் பானையையும் தூக்கிக்கொண்டு துறை வரை நானும் போனேன். டிக்கெட் வாங்காமல் திரும்ப நினைத்தவள், ஏனோ நானும் ஏறிவிட்டேன். ஒதெத் படகின் முன்தளத்தில் போய் நின்றாள். பாளங்கள் இப்போது மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

"பாக்காத," என்றான் ஃபெர்னான், பின்னாலிருந்து.

"பாக்கல," என்றாள் ஒதெத். கண்ணை எடுக்காமல்.

அவன் இருமினான். பிறகு அவள் பக்கத்தில் போய் நின்று, தானியக் கிடங்குப் பக்கம் விரல் நீட்டி ஏதோ காட்டினான்.