ஒன்பது வோல்ட்

என் மாமியார் காலையில் பொங்கலூர்த் தோட்டத்துக்குக் கிளம்பும்போது வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்து திறப்பார். என் கணவர் அதற்கு முன்பே தன் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பார். திருப்பூர் ராயபுரத்தில் இருந்த அந்தப் பெரிய வீட்டுக்குள் பகல் முழுவதும் இரண்டே பேர்தான். நானும் என் கணவரின் தங்கையும்.

பூட்டு அவளுக்காகப் போட்டது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவள், பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு பேசிக்கொண்டு நின்றதை உறவுக்காரர் யாரோ பார்த்துவிட்டார். மறுநாளே படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வரைக்கும் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் என்னை விட்டுவிட்டுப் போவார் மாமியார். யாரையாவது காவலில் வைக்க வேண்டுமென்றால் காவலுக்கு இருப்பவளையும் சேர்த்துத்தானே பூட்ட வேண்டியிருக்கிறது. எனக்கும் இருபத்தொரு வயதுதான். கோயமுத்தூரில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். ஒரே ஒரு பேப்பர் பாக்கி இருக்கும்போது கல்யாணம் வந்தது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டாரும் சொன்னார்கள். அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

முதல் சில மாதங்கள் நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் அவள் அம்மாவின் ஆள் என்று அவள் நினைத்தாள். நான் என்ன செய்தாலும் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். ஒரே சோற்றுச் சட்டியிலிருந்து போட்டுக்கொண்டு ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மத்தியான வேளையில் பக்கத்துக் கம்பெனிகளின் தையல் மெஷின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். அங்கே பெண்கள் ரேடியோ கேட்டுக்கொண்டு, சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு வேலை செய்வார்கள். சிலநாள் நான் மொட்டை மாடிக்குப் போய் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

வீட்டில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. கம்பெனியில் நிட்டிங் மெஷின் மாட்டிக்கொடுக்க வந்த தைவான்காரர் ஊருக்குத் திரும்பும்போது என் கணவருக்குக் கொடுத்தது. என் கணவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த வேகத்தில் அடாப்டரை நேராக பிளக்கில் சொருகினார். ஒரு புகை, ஒரு நாற்றம், அவ்வளவுதான். அது நூற்றுப்பத்து வோல்ட்டுக்கு ஆனது. நம் ஊர்க் கரண்ட் அதை ஒரே நொடியில் எரித்துவிட்டது. பெட்டி பீரோ மேலே போய்விட்டது.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் தூசி தட்டும்போது அதைக் கீழே இறக்கினேன். லேசாக அடித்த தீய்ந்த வாடையைத் தவிரப் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று தோன்றியது. எரிந்தது அடாப்டர் மட்டும்தான். அதன் முதுகில் ஒன்பது வோல்ட் என்று போட்டிருந்தது. பரணில் கிடந்த பழைய டேப்ரெக்கார்டரின் அடாப்டரும் ஒன்பது வோல்ட்தான். ஆனால் முனை பொருந்தவில்லை. அதோடு, தைவான் பெட்டிக்கு நடுவில் மைனஸ் வர வேண்டும் என்று படம் போட்டிருந்தது. டேப்ரெக்கார்டருக்கு நடுவில் பிளஸ்.

இரண்டு ஒயரையும் வெட்டினேன். டேப்ரெக்கார்டர் ஒயரில் எது மைனஸ் என்று பார்க்க மீட்டர் இல்லை. ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர் கரைத்து இரண்டு நுனிகளையும் ஒட்டாமல் உள்ளே விட்டு சுவிட்சைப் போட்டேன். ஒரு நுனியில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது.

என் கணவரின் தங்கை எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை.

“அது என்னங்க நங்கை?” என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“குமிழி நெறையா வர்ற பக்கம் மைனஸ்.”

“நீங்க இதெல்லாம் படிச்சீங்களா?”

ஆமாம் என்றேன். அந்த வீட்டில் என் படிப்பைப் பற்றி முதன்முதலில் கேட்டவள் அவள்தான். மைனஸ் நடுவில் வரும்படி பார்த்து, தைவான் ஒயரின் முனையை இந்த ஒயரோடு சேர்த்து முறுக்கினேன். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை அவளே தேடி எடுத்துவந்து முறுக்கிய இடத்தில் சுற்றினாள்.

டி.வி.யில் படம் உருண்டுகொண்டே இருந்தது. பின்பக்கத் திருகைத் திருகித் திருகி நிறுத்தினோம். கலர் வரவில்லை. சத்தத்துக்குப் பதில் இரைச்சல்தான் வந்தது, அதனால் ஒலியை மூடிவிட்டோம். கருப்பு வெள்ளையில், ஊமையாக, இரண்டு டாங்கிகள் திரையில் நின்றன. ஆளுக்கொன்று. எதிரி டாங்கிகள் வந்து எங்கள் கோட்டையை உடைக்காமல் காக்க வேண்டும். கையில் பிடிக்கிற இரண்டு கட்டைகளும் குட்டை ஒயரில் பெட்டியோடு சேர்ந்தே இருந்தன. தள்ளி உட்கார வழியில்லை. தோள் இடிக்க இடிக்க உட்கார்ந்தோம்.

முதல்நாள் அவள் குண்டு என் டாங்கியில் பட்டு நான் நகர முடியாமல் நின்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுவரை அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அதன்பிறகு எங்கள் பகல்கள் அப்படித்தான் போயின. சீக்கிரம் சமைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். திரையைப் பார்த்துக்கொண்டே பேசினால் எதையும் பேச முடிந்தது. அந்தப் பையன் சோமனூரில் இருப்பதையும், அவன் முகம் தனக்கே மறந்துவருவதையும் அவள் டாங்கியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். எனக்குக் குழந்தை தங்காமல் போனதை நான் சொன்னேன். அவள் வலப்பக்கம் வந்த எதிரியைச் சுட்டுவிட்டு மெதுவாக என் முழங்காலைத் தட்டினாள்.

ஒரு மத்தியானம் ஏதோ சாம்பிள் துணி எடுக்க என் கணவர் தன்னிடமிருந்த சாவியால் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். எழுந்திருக்க நேரமில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரையையே பார்த்தார்.

“இத ஆரு சரி பண்ணுனது?”

“நானுங்க.”

“அட,” என்றார். தங்கையின் கையிலிருந்த கட்டையை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய சிநேகிதர்கள் வந்தார்கள். எல்லாரும் கம்பெனி வைத்திருப்பவர்கள். டையிங் பட்டறைச் சாயத் தண்ணீரைப் பற்றியும் வெளிநாட்டுக்குப் போகிற ஷிப்மென்ட்டைப் பற்றியும் பேசிக்கொண்டு பொழுது சாயும்வரை மாற்றி மாற்றி ஆடினார்கள். நாங்கள் காப்பி போட்டோம், போண்டா போட்டோம். ஆடி முடித்ததும் என் கணவர் பெட்டியை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். விலை அதிகமான சாமான், கீழே விழுந்தால் போயிற்று என்றார். வாரத்தின் மற்ற நாட்களில் நாங்கள் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆனால் ஒரே அறையில் சாப்பிட்டோம்.

மூன்றாவதோ நான்காவதோ ஞாயிறு, அடாப்டர் சூடேறி நின்றுபோனது. டேப்ரெக்கார்டருக்குச் செய்த பொருள் இவ்வளவு நேரம் தாங்காது. என் கணவர் சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். சிநேகிதர்கள் முன்னால் என் கையில் அதைக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். கரண்ட்டை ஒரே திசையில் விடுகிற டையோடு போயிருந்தது.

“சாமான் வாங்கோணும்ங்க,” என்றேன்.

“எழுதிக் குடு, டிரைவர் வாங்கியாருவான்.”

“அவருக்குத் தெரியாதுங்க. நான் பாத்துத்தான் வாங்கோணும். ஈயம் பத்த வெக்கற சால்டரிங் அயன் ஒண்ணும் வேணும். தொணைக்கு இவளையும் கூட்டிட்டுப் போறேன்.”

மாமியார் கதவோரம் நின்றிருந்தார். அதெல்லாம் எதற்குக் கண்ணு என்று ஆரம்பித்தார். ஆட்டம் பாதியில் நின்ற எரிச்சலில் இருந்த என் கணவர், போய்விட்டு வரட்டும் என்று கையை அசைத்தார்.

மறுநாள் கம்பெனி வேனில் போனோம். ரேடியோ சாமான் கடையில் ஈயம் உருகும் வாடை வந்ததும் எனக்குக் கல்லூரி லேப் ஞாபகம் வந்தது. கடைக்காரரிடம் கேட்க வேண்டியதைவிட அதிகமாகவே கேட்டேன். அவள் வாசலில் நின்று போகிற வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் டையோடுகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் போக நினைத்திருந்தால் போயிருக்கலாம். வெளியே வந்தபோது அதே இடத்தில்தான் நின்றாள்.

“போறதுக்கு எடம் வேணுமல்லங்க நங்கை,” என்றாள். இருவரும் கரும்புச்சாறு குடித்துவிட்டு வேனில் ஏறினோம்.

தை மாதம் அவளைச் சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நல்லவர்தான். அவள் போனபிறகு வெளிக்கேட்டைப் பூட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் மாமியார் பழக்கத்தில் பூட்டிக்கொண்டே போனார். என் கணவர் கம்பெனியில் பழுதான கால்குலேட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார். நான் சரிசெய்து கொடுப்பேன், அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கம்பெனிக்கே வரட்டுமா, பாக்கி பேப்பரை எழுதட்டுமா என்று கேட்டால் இந்த ஷிப்மென்ட் போகட்டும் என்பார். திருப்பூரில் ஷிப்மென்ட் போகாத மாதம் உண்டா?

அடுத்த பொங்கலுக்கு அவள் நிறைமாதமாக வந்தாள். பீரோச் சாவியை அண்ணனிடம் அவளே கேட்டு வாங்கினாள். வயிறு இடிப்பதால் ஒயர் எட்டவில்லை. பெட்டியைத் தலையணை மேல் தூக்கி வைத்தோம். கொஞ்ச நேரம் ஆடியபிறகு அவள் கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“அங்க தறிச் சத்தத்துல என்ன பேசுனாலும் ஒருத்தருக்கும் கேக்காதுங்க,” என்றாள்.

அசையாமல் நின்ற அவள் டாங்கியை நான் சுற்றிவந்து, நெருங்கிய எதிரிகளைச் சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.