நடந்துபோன வெள்ளைப் பஞ்சு

எனக்கு முன்கோபம் அதிகம். ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்புக்கு வேலைக்கு வருகிறவர்களைக் கேட்டால் தெரியும். என் மனைவி தெய்வாத்தாள் சாட்சி சொல்ல முதல் ஆளாக வருவாள். அந்தக் கோபத்தோடு மல்லுக்கு நின்று என் நூற்றிருபது தென்னைகளைக் காப்பாற்றியவள் பொற்கொடி. அவளைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பொற்கொடி தென்னை ஏறுகிறவள். வயது நாற்பத்திரண்டு. மரமேறும் மெஷினை ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு வருவாள். சின்ன வயதில் தாராபுரம் பக்கம் பருத்திக் காட்டில் அப்பா அம்மாவோடு கூலிக்குப் போனவள். பிறகு பயிற்சிக்குப் போய் மெஷின் பழகினாள். "பொம்பளையா மரம் ஏறறது?" என்று முதல் நாள் கேட்டவன் நான்தான். "உங்களுக்குக் காய் வேணுங்களா, ஆம்பளை வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று மேலே போய்விட்டாள். நான் கீழே நின்று காய் பொறுக்கினேன்.

அப்புறம் வந்தது வெள்ளை ஈ. எந்த நாட்டுச் சனியனோ, நம் ஊருக்கு வந்து குடியேறிவிட்டது! ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை மாவு, மேல்பக்கம் கரி அப்பியது போலக் கறுப்பு. காய் சிறுத்தது. இரண்டு வருடம் விடாமல் மருந்து அடித்தேன். அடிக்க அடிக்கப் பெருகியது. ஒரு நாள் வெறுத்துப்போய், "அத்தனையும் வெட்டிப்போடறேன். சனிக்கிழமை மரம் வெட்டற மெஷின் வருது" என்று கத்தினேன். பொற்கொடி மரம் ஏறப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரே கூச்சல். "ஏனுங்ணா! ஏனுங்ணா! இங்க வந்து பாருங்க!"

"நான் எங்கம்மா மேல வாரது?"

ஓர் ஓலைக்கீற்றோடு இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கீற்றில் முடி முடியாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு பொட்டு.

"பூசணம்" என்றேன்.

"பூசணமில்லீங்க, முட்டைங்க! இதைப் பாருங்க, பஞ்சு நடக்குது!"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். அடேயப்பா! ஒரு துளி வெள்ளைப் பஞ்சு நிஜமாகவே நடந்தது. அது பஞ்சு இல்லை, ஒரு புழு. வெள்ளை ஈயின் மாவையே முதுகில் அப்பிக்கொண்டு, வெள்ளை ஈயின் குஞ்சைக் கொடுக்கால் குத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"பருத்திக் காட்டுல அசுவினிப் பேனைத் தின்னுட்டுக் கெடந்த பூச்சிங்க இது. நம்மூரு பூச்சி. பெருசானா கண்ணாடி றெக்கையோட பச்சையாப் பறக்கும். இத்தனை நாளா இந்தத் தோப்புல நான் பாத்ததே இல்லீங்க. இப்ப இந்த ஈயைத் திங்கப் பழகிப்போச்சுங்க! ஒரே ஒரு காய் வெட்டு பொறுங்ணா. நாப்பத்தஞ்சு நாள். ஒரு சொட்டு மருந்து அடிக்கக் கூடாது, அடிச்சா இந்தப் பூச்சியும் செத்துப்போகுமுங்க. அப்பவும் புது ஓலை வெளுத்துக் கெடந்தா வெட்டிக்கோங்க. மரம் போனா என் பொழப்பும் போச்சுங்க, வெளையாட்டுக்குச் சொல்லலை."

தெய்வாத்தாள் குறுக்கே வந்தாள். "அவ சொல்றதைத்தான் கேளுங்களேன். உங்க கோவத்துக்கு மரம் என்ன பண்ணும்?"

சனிக்கிழமை மெஷினைத் தள்ளிப்போட்டேன்.

அந்த நாட்களை என்னவென்று சொல்வது! பக்கத்துத் தோப்புக்கு வரும்போதெல்லாம் பொற்கொடி இங்கேயும் ஒரு மரம் ஏறிப் பார்ப்பாள். "இருவது முட்டைங்கோ!" என்று மேலிருந்து கத்துவாள். "நல்லாப் பாரும்மா!" என்று நான் கீழிருந்து கத்துவேன். பூச்சி என்றாலே நசுக்குகிற நான், டவுனுக்குப் போய் பூதக்கண்ணாடி வாங்கி வந்தேன். தெய்வாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் புத்தி போகுமா? கிணற்றடி மரம்தான் தோப்பிலேயே அதிகம் காய்ப்பது. அதை மட்டும் பூச்சியை நம்பி விட மனசு வரவில்லை. இருபதாவது நாள், தெய்வாத்தாள் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து, அந்த ஒரு மரத்துக்கு மட்டும் மருந்து அடித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாற்பத்தைந்தாவது நாள் விடிந்ததுமே பொற்கொடி வந்துவிட்டாள். முதல் மரத்தின் உச்சியிலிருந்து குரல் வந்தது. "பச்சைங்க! புது ஓலை பச்சைங்க!" அடியோலை கறுப்பாகத்தான் இருந்தது. நடுவில் விரிந்த ஓலை மட்டும் சுத்தமாக வெயிலில் மின்னியது. இரண்டாவது மரமும் பச்சை, மூன்றாவதும் பச்சை! துண்டை மேலே வீசி எறிந்தேன். அது வாய்க்காலில் போய் விழுந்தது.

கிணற்றடிக்கு வந்ததும் பொற்கொடி நின்றாள். அந்த மரம் மட்டும் புது ஓலை வரை வெளுத்துக் கிடந்தது. மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இந்த மரத்துக்கு என்னங்க பண்ணுனீங்க?"

நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

"கேக்கறால்ல, சொல்லுங்க" என்றாள் தெய்வாத்தாள்.

"மருந்தடிச்சுப்போட்டேன்."

ஊரையே திட்டுகிற நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். பொற்கொடி சிரித்துவிட்டாள். பக்கத்து மரத்தில் ஏறி முட்டை இருந்த கீற்றை அறுத்து வந்தாள். அதைப் பதனமாக இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடி மரத்தில் ஏறினாள்.

"கட்டிப்போட்டேனுங்க!" என்று உச்சியிலிருந்து கூவினாள். "ஏனுங்ணா, அந்த மருந்தடிக்கிற டப்பா எங்கீங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். தெய்வாத்தாள் அதை எடுத்து வந்து பொற்கொடியின் ஸ்கூட்டரில் வைத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் முடிச்சுப் போட விரல் கொடுத்தேன்.