பச்சை காட்டாத மாமியார்

கியரக்கா ஓர் அறை விட்டால் வாங்கியவனுடைய பல் கடலில் போய் விழும். அதை விழுங்கிய மீன் மறுநாள் சந்தையில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். சரி, மீன் என் கைச்சரக்கு. கடலும் அவ்வளவு பக்கத்தில் இல்லை. ஆனால் ஒரு நாள் கடலே ஊருக்குள் வந்துவிட்டதால், தூரத்தைப் பற்றி யாரும் என்னிடம் சண்டைக்கு வர முடியாது.

அவள் அணுமின் நிலையத்துக்கு ஷிப்ட் பஸ் ஓட்டினாள். ஓடுகிற பஸ்ஸில் கியர்க் கம்பியின் இரும்புக் குமிழ் கையோடு கழன்று வந்தபோது, பின்சீட்டில் ஒரு பெண்ணைச் சீண்டிக்கொண்டிருந்தவன் நெற்றியை அதை வீசியே பிளந்தாள். பஸ் நிற்கவும் இல்லை, தாமதமாகவும் இல்லை. பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. கணவர் அதே நிலையத்தில் வெல்டர். அவள் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். அவர் பேசினால் அவர் காதுக்கே கேட்காது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து தொப்புள்கொடி விழுந்த சமயம்.

நிலையத்தின் உள்வாசலில் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம் நிற்கும். வேலை முடிந்து வருகிறவர் அதற்குள் கையையும் காலையும் வைக்க வேண்டும். உடம்பில் அணுத்தூசி இல்லையென்றால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். இருந்தால் சிவப்பு, திரும்பிப் போய்க் குளிக்க வேண்டும். எப்படி வந்து நின்றாலும் குறை கண்டுபிடிப்பதால் அதற்கு 'மாமியார்' என்று பெயர். பச்சை வராமல் வெளியே கால் வைத்தவர் எவருமில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால்கூட வீட்டு வாசலில் கையை விரித்து, "பச்சையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும்.

அன்று கியரக்கா டிப்போவில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். பூமி முதலில் முனகியது, பிறகு உலுக்கியது. எதிரே இருந்த கடைகள் முழங்கால் மடங்கி உட்கார்ந்தன. உள்ளே எழுந்த அலறல்கள் செங்கல்லோடு செங்கல்லாக நசுங்கி நின்றன. ஜனங்கள் வெறுங்கையால் இடிபாட்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தபோதே கடல் வந்தது. அலை என்று சொன்னால் அழகாகிவிடும். வந்தது ஒரு கறுப்புச் சுவர். படகையும் காரையும் ஆளையும் ஒரே வாயில் போட்டு மென்று, கீழ்த்தெருவின் மேல் துப்பியது. மேட்டில் இருந்த டிப்போ தப்பியது.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி வைத்த ஜீப் ஒன்று அலறிக்கொண்டு ஓடியது: நிலையத்தில் மின்சாரம் போய்விட்டது, ஜெனரேட்டர் அறையில் கடல் புகுந்துவிட்டது, உலை சூடேறுகிறது, எல்லோரும் ஊரை விட்டுப் போங்கள். கைக்குழந்தையோடு டிப்போவுக்கு ஓடி வந்த மகள் ஒரு பால் லாரியில் தொற்றிக்கொண்டாள். "அம்மா, அப்பா இல்லாம வந்தே, என் மூஞ்சியிலயே முழிக்காதே!" என்று கத்திக்கொண்டே மறைந்தாள்.

நிலையத்துக் கேன்டீன் சமையல்காரர் மண்டையில் ரத்தம் வழிய ஓடி வந்தார். கேன்டீன் உள்வாசலுக்கு வெளியே இருந்ததால் அவர் தப்பியிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் எங்கே?"

"மாமியாருக்கு முன்னாடி வரிசையில நிக்கிறாருக்கா. எல்லாருமே அங்கதான். பச்சை வரல."

"கரண்டே இல்ல. பச்சை எப்படிய்யா வரும்?"

"அதான்... நிக்கிறாங்க."

அவள் பஸ்ஸில் ஏறினாள். ஊரும் கூடவே ஏறப் பார்த்தது. வண்டி கடல் பக்கம் திரும்பியதும் கூட்டத்துக்குப் பேய் பிடித்தது. மரக்கடை முதலாளி ஜன்னல் வழியே கையை விட்டு அவள் முடியைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். "எறங்குடி! சாகப் போறவளுக்கு எதுக்கு பஸ்ஸு?" தலை ஜன்னல் சட்டத்தில் மோதிப் புருவம் கிழிந்தது. அவள் அவர் கையை எலும்பு தட்டும்வரை கடித்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து மணிக்கட்டில் போட்டாள். முருங்கைக் கொம்பு ஒடிந்த சத்தம். "இதே வழியாத்தான் திரும்பி வருவேன். உசுரோட இருந்தா ஏறிக்கோ" என்று சொல்லி ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். முன்னால் நின்றவர்கள் சிதறினார்கள். ஒருவர் காலில் சக்கரம் ஏறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்வாசலில் காவல்காரர் நின்றார். ஊரார் அவரைப் 'பூட்டு' என்பார்கள்.

"அக்கா, பச்சை வராம யாரையும் விட முடியாது."

"பின்னாடி உலை வெடிக்கப் போகுதுய்யா!"

"வெடிக்கட்டும். விதி விதிதான்."

சொல்லிக்கொண்டே தடியை ஓங்கி அவள் தோளில் இறக்கினார். எலும்பு உள்ளுக்குள் முறிந்தது. அவள் நெற்றியால் அவர் மூக்கை முட்டினாள், வயிற்றில் உதைத்தாள். இரண்டு பேருமாகக் கதவுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். பூட்டு மாமியார் மேல் சாய, அத்தனை காலம் அசையாத மாமியார் குப்புற விழுந்து தண்ணீரில் நுரை விட்டாள்.

அப்போதும் வரிசை கலையவில்லை. முழங்கால் தண்ணீரில் ஆண்களும் பெண்களும் முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் நின்ற இரண்டு பேர் நடுவில் ஒரு ஃபிட்டரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். இயந்திரம் விழுந்த இடத்தை நோக்கி அவருடைய கைகளை இன்னும் நீட்டி வைத்திருந்தார்கள். சுவர் விழுந்து அவர் நெஞ்சு தட்டையாகியிருந்தது. அவர் செத்து வெகு நேரமாகியிருந்தது.

கியரக்கா கத்தினாள்: "துணியிலதானே தூசி? அவுத்துப் போடுங்க எல்லாத்தையும்! பஸ்ஸுக்கு ஓடுங்க!" நகராதவர்களை ஸ்பேனரால் முதுகில் சாத்தினாள். உள்ளாடையோடு ஒவ்வொருவராக ஓடினார்கள். மேலதிகாரியும் ஓடினார், தொப்பையைத் தவிர அவரிடம் அதிகாரத்துக்கு அடையாளம் எதுவும் மிச்சமில்லை. மூக்கில் ரத்தத்தோடு பூட்டும் ஓடினார்.

வெல்டர் மட்டும் நின்றார்.

"யோவ், வாய்யா!"

"வீட்டுல பச்சக் கொழந்த இருக்குடி." அவருக்கும் அன்று குரல் இருந்தது. "துணியை அவுக்கலாம். முடியில இருக்கிறத? மூச்சுல இருக்கிறத? அவனைத் தூக்கினா அவன் மேல ஒட்டும். நீ போ."

"நீ இல்லாம போனா ஒம்பொண்ணு என்னைத் தொலைச்சிடுவா."

"நான் வந்தா அவன் செத்துடுவான்."

தரைக்கு அடியில் ஏதோ உறுமியது. பேச நேரமில்லை. முறியாத கையை மடக்கி, வாழ்நாள் கோபத்தையெல்லாம் முட்டியில் திரட்டி, தாடையில் விட்டாள். ஒரே அடி. வெல்டர் வேரறுந்த மரமாகச் சாய்ந்தார், நினைவே இல்லை. அவருடைய சட்டையையும் காற்சட்டையையும் கிழித்தெறிந்தாள். ஒற்றைக் கையால் அக்குளில் பிடித்து, கண்ணாடிச் சில்லுகள் மேல், வாசற்படி தாண்டி இழுத்துக்கொண்டு போனாள்.

பஸ் வளைவு திரும்பியபோது பின்னால் உலைக்கூடத்தின் கூரை வானத்துக்கு எழும்பியது. ஜன்னல்கள் உள்பக்கமாக வெடித்தன. வெற்று முதுகுகளில் கண்ணாடி ஊசியாக இறங்கியது. பஸ் முழுக்க ஓலம். வழியில் சொன்னபடியே ஆட்களை ஏற்றினாள். மரக்கடை முதலாளி ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஜட்டி போட்டவர்கள் யார் மேலும் படாமல், கடைசிப் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்.

முகாமில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, தலையை மழித்து, கைக் கருவியால் உடம்பெல்லாம் தடவிப் பார்த்து, போகலாம் என்றார்கள். பூட்டு அடுத்த வருஷமே ரத்தத்தில் நோய் வந்து போய்விட்டார். கியரக்கா இப்போது வேறு ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறாள். ஒரு தோள் இறங்கியே இருக்கும். வெல்டர் பேரனை ஒரு வருஷம் தொடவில்லை. இன்றைக்கும் வெளியே போய் வந்தால் வாசலில் கையை விரித்து நிற்பார். "பச்சை தாத்தா, உள்ள வா" என்று பேரன் சொல்ல வேண்டும்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் இதுவரை சொல்லி முடித்தபோது, மூலையில் உட்கார்ந்து உடைந்த குடைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த வெல்டர் தொண்டையைச் செருமினார்.

"ஒரே அடி இல்ல, மூணு. அப்புறம், நான் மயங்கவும் இல்ல."

கியரக்கா திரும்பினாள். "என்னய்யா சொல்றே?"

"கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். பச்சை வராம நானா எப்படித் தாண்டறது? நீ இழுத்துட்டுப் போனா அது என் தப்புல சேராதுன்னு கெடந்தேன்."

"அடப்பாவி! ஒடஞ்ச தோளோட ஒன்னை இழுத்தேனே! காலைக் கொஞ்சம் உந்தியிருக்கக் கூடாதா?"

வெல்டர் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உந்தினேன். படிகிட்ட வந்தப்போ, ஒரு தடவை."